புத்தகம் பார்த்துக் கார் திருத்தியவர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒரு காரின் முன்சக்கரச் சில்லை எந்த ஒழுங்கில் கழற்ற வேண்டும், கழற்றிய பிறகு எதைத் துடைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அதையெல்லாம் சத்தமாக வாசித்தவள் நான்.

கம்பியூட்டர் வீட்டுக்குள். கார் வெளியே, ஜன்னலை ஒட்டிய தகரக் கொட்டிலில். அக்கா பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அங்கிருந்து குரல் கொடுப்பார்.

“கீழ போம், பிள்ளை. இன்னும் கீழ. ஆ, நில்லும். அந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?”

“படம் தெளிவா இல்லக்கா. ஏதோ எண்ணெய் பூசச் சொல்லுது.”

“ஏதோ எண்ணெய் எண்டு புத்தகத்தில இருக்காது. என்ன எண்ணெய் எண்டு வாசியும்.”

புத்தகம் என்று அவர் சொன்னது ஒரு சீடியை. அவருடைய அப்பாவின் பழைய ஜப்பான் காருக்கு, அதைச் செய்தவர்களே எழுதிய திருத்தல் கைநூல் முழுவதையும் யாரோ பக்கம் பக்கமாகப் படமெடுத்து அதில் ஏற்றியிருந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள், எல்லாம் ஆங்கிலம். அவுஸ்திரேலியாவில் இருந்த மச்சாள் ஒருத்தி, பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அக்கா கேட்டு வாங்கியது அதைத்தான்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தார். அங்கே எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அதே ஆஸ்பத்திரியில் எழுதுநராகச் சேர்ந்தவள். அவர் வாடகைக்கு இருந்த வீட்டிலேயே பின்னால் ஓர் அறை எனக்குக் கிடைத்ததால் அக்கா என்று கூப்பிடும் உரிமை வந்தது.

வேலையில் சேர வந்த முதல் நாள், வரிசையில் நின்ற என் கையிலிருந்த நியமனக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “இதின்ர பின்பக்கம் வாசிச்சனீரே?” என்று கேட்டார். பின்பக்கத்தில் எழுத்து இருப்பதே எனக்குத் தெரியாது. திருப்பிப் பார்த்தேன். கடிதம் கிடைத்து ஏழு நாளுக்குள் சம்மதக் கடிதம் கொடுக்காவிட்டால் நியமனம் ரத்து என்று சிங்களத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அன்று ஆறாம் நாள். நான் வாங்கிய முதல் அரசாங்கச் சம்பளத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பொடி எழுத்தும் நினைவுக்கு வரும்.

எதையும் அவர் முழுக்க வாசிப்பார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை விரித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு அருகே பிடித்துக் கடைசி வரி வரை போவார். ஒருநாள் புதிதாக வந்த பெட்டி ஒன்றை அப்படி வாசித்துவிட்டு மருந்து கொடுப்பதையே நிறுத்திவிட்டார். வழக்கமான அதே நிறம், அதே உருவம். ஆனால் இந்த முறை வந்தது இரண்டு மடங்கு வலுவான மாத்திரை. பெட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது. வெளியே ஐம்பது பேர் காத்து நின்று சத்தம் போட்டார்கள். அவர் ஒவ்வொருவரின் மருந்துத் துண்டுச் சீட்டையும் திருத்தி எழுதி முடித்த பிறகே ஜன்னலைத் திறந்தார்.

காருக்கு வருகிறேன்.

அக்காவின் அப்பா தபால் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். குடும்பம் கண்டியில்தான் இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர்களுடைய வீடு எரிந்தது. அந்த நேரம் கார் வீட்டில் இல்லை. பிரேக் வேலைக்காக மடவளையில் ஒரு கராஜில் விட்டிருந்தார்கள். குடும்பம் அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து அப்படியே வடக்கே போய்விட்டது. இருபது வருடம் கழித்து, சண்டை நிறுத்தக் காலத்தில், அக்கா கண்டிக்கு வேலை மாற்றம் கேட்டு வந்தார். வந்த முதல் வாரமே மடவளைக்குப் போனார்.

கராஜ்காரரை ஊரில் எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் கிரீஸ் ஏறிய சாரம். அக்காவைக் கண்டு யாரென்று தெரிந்ததும் நேரே பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாராம்.

“இந்தா ஈக்கிது ஒங்கட வாப்பாட கார். அண்டைக்கு ஆக்கள் தேடி வந்த. அதுக்கு முந்தி நான் சில்லு நாலயும் கழட்டி, கல்லுல ஏத்தி வெச்சி, நம்பர் தகட்டயும் புடுங்கிட்டன். ‘இது பழைய இரும்பு, உடைச்சி விக்க ஈக்கிற’ எண்டு சொன்ன. போயிட்டாங்க. பொறகு நீங்க யாரும் வரல்ல. நானும் தொடல்ல.”

அந்தக் காலத்துச் சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத் தகடுகளை உள்ளே போய்ப் பழைய சாக்கில் சுற்றியபடி எடுத்து வந்து கொடுத்தார். அக்கா இதை எனக்குச் சொன்னபோது கண் கலங்கவில்லை. “நாலு சில்லும் எந்தெந்தப் பக்கத்துக்கு உரியது எண்டு சோக்குக் கட்டியால குறிச்சு வைச்சிருந்தவர், பிள்ளை” என்றுதான் சொன்னார். 

காரை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டிலில் இறக்கினார்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் பெரிய வேலையைப் பாஸ் செய்துகொடுத்தார். மற்றதெல்லாம் தான் செய்வதாக அக்கா சொன்னார். பாஸ் முதலில் சிரித்தார்.

“எழுத்தப் பாத்து கார் ஓடுமா புள்ள? இது காதால கேட்டுச் செய்ற வேல.”

“உங்களுக்குக் காது இருக்கு பாஸ். எனக்கு அது இல்லை. வாசிக்க மட்டும் தெரியும்” என்றார் அக்கா.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. நான் வாசிப்பேன், அவர் செய்வார். ஒரு வேலைக்குரிய பக்கங்களைக் கண்டி டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து, கிரீஸ் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொள்வார். ஒரு பக்கத்தில் பத்து வேலை சொல்லியிருந்தால் பத்தும் முடிந்த பிறகு பென்சிலால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. ஆறாவதைச் செய்யாமல் ஏழாவதைத் தொடமாட்டார். ஒரு மழைநாளில் ஆறாவதற்கு வேண்டிய ஸ்பானர் இல்லை என்று கார் மூன்று வாரம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அவரோடு நான் ஒரு தடவை நன்றாகக் கோபித்தும் இருக்கிறேன். என் தங்கச்சியின் கல்யாணம் பன்வில தோட்டத்துக் கோயிலில். ஞாயிறு காலை பத்து மணிக்கு முகூர்த்தம். “கார்லயே போவம். பொம்பிளையின்ர அக்கா பஸ்ஸில போய் இறங்கிறதே?” என்று அவர்தான் ஆசை காட்டினார். தோட்டத்தில் நான் காரில் வருகிறேன் என்று ஏற்கெனவே செய்தி போய்விட்டது. சனிக்கிழமை முழுதும் முன்சில்லுகளைக் கழற்றிக் கிரீஸ் போட்டுப் பூட்டினார். விளக்கு வைத்த பிறகு கைகளைக் கழுவிவிட்டு வந்து, பக்கத்தை இன்னொரு முறை வாசித்தார். அடிக்குறிப்பு ஒன்று தப்பியிருந்தது. சில்லைப் பிடித்திருக்கும் நட்டு கழன்று போகாமல் குறுக்கே ஓர் ஊசி செருகுவார்கள். ஒருமுறை கழற்றிய ஊசியை மறுபடி போடாதே, புதிதைப் போடு என்பதுதான் அந்த ஒரு வரி.

கடைகள் பூட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் திறக்காது.

“அக்கா, பழசையே போட்டு மெதுவா போயிட்டு வந்துரலாங்க. ஒரு நாளைக்குத் தானே?”

“ஏலாது, பிள்ளை.”

நாங்கள் பஸ்ஸில் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்று முதல் பஸ்ஸே இரண்டு மணி நேரம் பிந்தி வந்தது. இரண்டு பஸ் மாறி, கடைசி இரண்டு மைல் பட்டுச்சேலையோடு மேட்டில் நடந்து கோயிலுக்குள் போனபோது தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவும் என் பின்னால் நடந்துவந்தார், நகக்கண்ணில் கிரீஸோடு. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. பாஸிடம் போய்க் கேட்டேன். பழைய ஊசியைப் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார் அவர். அதைக் கொண்டுவந்து அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

“ஒண்டும் ஆகாது எண்டு பாஸ் சொல்லுறார். போடாதே எண்டு காரைச் செய்தவன் சொல்லுறான். உம்மை ஏத்திக்கொண்டு அந்த மலையில இறங்கிறது நான். ஆரை நம்பட்டும்?” என்றார்.

 அப்படியும் என் கோபம் உடனே போகவில்லை.

அதற்குப் பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. பாதைகளில் செக்பொயின்ட்கள் பெருகின. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் எப்போதும் கொஞ்சம் அதிகமாக நிற்க வேண்டும். அக்கா அதற்கும் பழகியிருந்தார். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து, பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பின்னேரம், ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் எங்களை நிறுத்தினார்கள். கார் இப்போது நன்றாக ஓடியது. ஆனால் பின் விளக்கு ஒன்று மட்டும் சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. அதைத் தேடுவதற்காக மின்கம்பிப் படங்களை அச்செடுத்து, சீடியோடு அப்படியே பின்பெட்டியில் வைத்திருந்தார்.

சிப்பாய் பின்பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தான். பல நிறத்தில் வயர்த் துண்டுகள். மல்டிமீட்டர். பெயர் எழுதாத ஒரு சீடி. பிறகு அந்தத் தாள்கள்: கோடும் கட்டமும் எண்ணுமாக, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத படங்கள். அவன் முகம் மாறியதை நான் கண்டேன். விசில் அடித்தான். நாலு பேர் ஓடி வந்தார்கள். எங்களை இறக்கி மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

 அந்த மாதத்தில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்தார். இளவயது. சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார்.

“இது எதனுடைய படம்?”

“இந்தக் காரினுடையது” என்று அக்காவும் சிங்களத்தில் சொன்னார்.

“நீங்கள் மெக்கானிக்கா?”

“இல்லை. மருந்தாளர்.”

“மருந்தாளருக்கு இது எதற்கு?”

அக்கா தரையிலிருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பிறகு சொன்னார்: “ஐயா, இந்தத் தாளில் நீங்கள் விரும்பிய ஒரு கோட்டில் விரலை வையுங்கள். அந்தக் கம்பி காரில் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். ஒன்று பிழைத்தாலும் என்னைக் கொண்டு போங்கள்.”

அதிகாரி அவரையே பார்த்தார். பின்பு தாளை வாங்கிப் பொனட்டின் மேல் விரித்து ஒரு கோட்டில் விரலை வைத்தார். அக்கா போய் முன் விளக்குக்குப் பின்னால் கையை விட்டுப் பச்சைக் கம்பி ஒன்றை இழுத்துக் காட்டினார். அடுத்த கோடு ஹோனுக்குப் போனது. அடுத்தது மழைத்துடைப்பானுக்கு. ஒன்றைக் காட்ட அவர் சேலையோடு ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே படுக்க வேண்டியிருந்தது. படுத்தார். சிப்பாய்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பின்னால் பஸ்களும் வான்களும் வரிசை கட்டி நின்றன.

பத்துப் பன்னிரண்டு கோடு போயிருக்கும். அதிகாரி பின் கண்ணாடிக்குப் போகும் ஒரு கோட்டில் விரலை வைத்தார். அக்கா அசையவில்லை.

“இது இந்தக் காரில் இல்லை.”

“இல்லையா?” அவருடைய குரல் கடினமானது. “இந்தக் காரின் படம் என்று தானே சொன்னீர்கள்?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். 

“அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கிறது பாருங்கள். அதற்குரிய குறிப்பு அடுத்த தாளின் அடியில்.”

அதிகாரி அடுத்த தாளை எடுத்தார். வெயிலுக்குப் பிடித்து, ஆங்கிலத்தில் மெதுவாகத் தனக்குத்தானே வாசித்தார். பின் கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி. குளிர் நாடுகளுக்கு அனுப்பும் கார்களில் மட்டும். வாசித்து முடித்து, நெற்றி வேர்வையைத் துடைத்தார். அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். தாள்களை அடுக்கி அக்காவிடம் கொடுத்தார்.

“போகலாம். சீடியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். பார்க்க வேண்டும்.”

நான் காருக்குள் பாதி ஏறிவிட்டேன். அக்கா ஏறவில்லை.

“ஒரு துண்டு எழுதித் தாருங்கள், ஐயா.”

“என்ன துண்டு?”

“சீடியை எடுத்ததற்கு. நானும் அரசாங்க வேலைதான். ஒரு பெட்டி மருந்து கைமாறினாலும் எழுதித்தான் வாங்குவேன்.”

“அக்கா, வாங்க போயிரலாம்” என்று அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். “பொறும்” என்றார். அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அக்கா அதை நின்று வாசித்தார், முதலிலிருந்து கடைசிவரை. பிறகு திருப்பி நீட்டினார்.

“திகதி போடவில்லை.”

திகதியும் போட்டுத் தந்தார் அந்த மனிதர். வீடு வந்து சேரும்வரை நான் அழுதேன்.  கொட்டிலில் காரை நிறுத்தியதும் அக்கா அந்தத் துண்டை எடுத்து, கிரீஸ் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, சீடியை வாங்கப் பொலிஸுக்குப் போகப் போகிறேன் என்றார். பாஸ் வீட்டுக்கே வந்து தடுத்தார். “விடுங்க புள்ள. வேற ஒண்டு அனுப்பச் சொல்லலாம் தானே? தப்பி வந்த எடத்துக்குத் திரும்பிப் போற யாரு?”

“வேற எடுக்கலாம் பாஸ். ஆனா நான் ஒரு பிழையும் செய்யேல்லை. போகாமல் விட்டா செய்த மாதிரி ஆகிப் போகும்.”

தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். காலை தொடங்கிப் பகல் சாய்ந்த பிறகும் பலகை வாங்கு ஒன்றில் உட்கார்ந்து காத்திருந்தோம். பக்கத்தில் தோட்டத்து அம்மா ஒருவர், கையில் கசங்கிய சிங்களக் கடிதத்தோடு. மகனைக் கொண்டு போய் ஒரு மாதமாம். தினமும் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். அக்கா கடிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அம்மா, பிள்ளையை இங்கயிருந்து மாத்திப் போட்டினம் எண்டு இதில இருக்கு. வேற இடம். கிழமையில ஒரு நாள் பாக்க விடுவினம். அந்த நாளும் எழுதியிருக்கு.”

அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இடத்தையும் நாளையும் எந்த பஸ்ஸில் போவது என்பதையும் அக்கா ஒரு தாளில் தமிழில் எழுதி, இரண்டு முறை வாசித்துக் காட்டி அனுப்பினார். பிறகொரு நாள் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து, மகனைக் கண்டுவிட்டேன் என்று சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி. துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேசை லாச்சியிலிருந்து சீடியை எடுத்துக் கொடுத்தார்.

“ஆயிரத்துக்கு மேல் பக்கம். எல்லாவற்றையும் வாசித்தீர்களா?”

“இரண்டு தடவை” என்றார் அக்கா.

 இவர் எங்கள் அக்கா என்று அந்த வாங்கில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

போர் முடிந்து, வடக்குப் பாதையில் தனியார் வாகனங்களை விட்ட பிறகு, அக்கா காரிலேயே ஊருக்குப் புறப்பட்டார். “நீரும் வாரும்” என்றார். அதுவரை நான் யாழ்ப்பாணம் பார்த்ததில்லை. தலை போன பனைகளையும், கண்ணிவெடி அபாயம் என்ற சிவப்புப் பலகைகளையும், கூரையில்லாத வீடுகளையும் தாண்டி, விடியற்காலையில் தொடங்கிய பயணம் பின்னேரம் நல்லூருக்குக் கிட்ட குறுகிய ஓர் ஒழுங்கைத் தெருவில் முடிந்தது. வழியில் கார் ஒரு தரமும் நிற்கவில்லை.

அக்காவின் அப்பாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. கார் ஓடுகிறது என்று மகள் கடிதத்தில் எழுதியதை, வயதானவனின் மனம் குளிரச் சொல்வது என்றே அவர் நினைத்திருந்தார். சத்தம் கேட்டு ஊன்றுகோலோடு வாசல் படலைக்கு வந்தவர் அப்படியே நின்றார். காரைச் சுற்றி ஒரு முறை வந்தார். இலக்கத் தகட்டைத் தடவினார்.

“ஆர் திருத்தினது?”

“எஞ்சின் வேலை மடவளை பாஸ். மற்றதெல்லாம் நான், அப்பா.”

“பிரேக்?”

“நான்.”

“சில்லு?”

“நான் தான்.”

“ஆரும் சொல்லித் தந்தவையே?”

“புத்தகம் பாத்துச் செய்தனான்.” அக்கா என் தோளைத் தொட்டார். “இந்தப் பிள்ளைதான் வாசிச்சவ.”

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அக்காவின் அம்மா வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “அந்தக் காலத்தில ஸ்டேரிங்கில கை வைக்க இவளை ஒரு நாளும் விட்டதில்லை, பிள்ளை. பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் எண்டு சொல்லுவார்.”

அக்கா சாவியை அப்பாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. காரைச் சுற்றிப் போய் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து, மெல்ல உட்கார்ந்து, ஊன்றுகோலை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

“நீயே ஓடு. கோயிலடி மட்டும் போய் வருவம்.”

கார் ஒழுங்கையில் மெதுவாக நகர்ந்தது. நான் படலையில் நின்றேன். நாலு வீடு தள்ளி, மதிலுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

“என்ன ஐயா, கண்டியில விட்டுட்டு வந்த உங்கட காரே இது?”

கார் நின்றது. கிழவர் ஜன்னலால் தலையை வெளியே நீட்டினார். அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படியாகச் சொன்னார்.

“இல்லை. மகளின்ர கார்.”